கல்யாணப் பாயும் ஐப்பசி இழுப்பும்

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீடு வாய்க்காலை ஒட்டி இருந்தது. ஐப்பசி பிறந்தால் சுவரில் ஓதம் ஏறும், தொட்டதிலெல்லாம் பூசணம் பூக்கும். என் கச்சேரிக் கோட்டே பச்சையாகிவிடும். அதைத் தட்டி மாட்டிக்கொண்டுதான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வேலைக்குப் போவேன்.

கல்யாணமாகி வந்த வருஷமே என் பெண்டாட்டிக்கு இழுப்பு வந்துவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தே கிடப்பாள். தூதுவளை, சாம்பிராணிப் புகை, வைத்தியர் சூரணம் எதற்கும் கேட்கவில்லை. குளிர்காற்றுதான் காரணம் என்று ஜன்னலையெல்லாம் நானே அடைத்தேன். தரைக்குளிரும் ஆகாதே! மகா புத்திசாலியான நான், கல்யாணத்துக்கு மாமனார் பத்தமடையில் சொல்லி நெய்து தந்த பட்டுப்பாயைப் பரணிலிருந்து இறக்கி அவளுக்கு விரித்தேன். எங்கள் இரண்டு பேர் பெயரும் நெய்த பாய், விருந்தாளிக்குக்கூட விரித்ததில்லை. புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்ததைத் துடைத்துவிட்டேன்.

இழுப்பு கூடியது. பாய்தான் நாறுகிறது, எடுத்துவிடுங்கள் என்றாள். உன் அப்பா கொடுத்ததையே குறை சொல்கிறாயா என்று எரிந்து விழுந்தேன். அப்புறம் அவள் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

அவள் பிறந்த வீடு கொற்கைப் பக்கம், மணலும் பனையுமான ஊர். அங்கே போன நாலாம் நாள் கிணற்றில் தண்ணீர் இறைப்பாள். திரும்பி வந்தால் மறுபடி இழுப்பு. மூன்று வருஷம் இதே கதை. என் வீட்டில் மட்டும் வருகிற வியாதி என்ன வியாதி? பிறந்த வீட்டுக்குப் போக நடிக்கிறாய் என்று முகத்துக்கு நேரே சொல்லித் தொலைத்தேன். அந்த வாரமே அவள் அண்ணன் வந்து அழைத்துப் போய்விட்டான். மகள் மூச்சு விட்டால் போதும், இனி அனுப்புவதாக இல்லை என்று மாமனார் சொல்லியனுப்பினார்.

போனால் போகட்டும் என்று எனக்கு வீம்பு. பாய் சும்மா கிடக்கிறதே என்று அதில் நானே படுத்தேன். கார்த்திகைக்குள் என் நெஞ்சில் பூனை கத்தியது. ஒரு பக்கம் நகலெழுதுவதற்குள் மூன்று தடவை மூச்சு வாங்கினேன். வெயில் கண்ட ஒருநாள் பாயை முற்றத்தில் திருப்பிப் போட்டேன். அடிப்பக்கம் பூராவும் பச்சை. உதறியதில் கிளம்பிய தூளுக்கு இருமி இருமிக் குனிந்தே நின்றேன். என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பெயர் போட்ட பாயைக் கொளுத்தினால் அபசகுனம் என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி தடுத்தார். இது கிடந்தால்தான் அபசகுனம் என்று கொளுத்தினேன். ஜன்னல்களைத் திறந்தேன், மழை விட்டதும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன், கொற்கைக்கு வண்டி பிடித்தேன்.

வழியெல்லாம் மன்னிப்புக் கேட்கப் பேச்சு தயார் பண்ணியிருந்தேன். அவள் கிணற்றடியில் நின்றாள். வாயைத் திறந்தால் பேச்சு வரவில்லை, நெஞ்சிலிருந்து சீட்டிதான் வந்தது. வாளியை வைத்துவிட்டு, தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தை நன்றாகக் காதில் வாங்கினாள்.

"நீங்க யாரு வீட்டுக்குப் போறதுக்கு இப்படி நடிக்கிய?"

தை மாசம் அவள் அண்ணன் வந்து எங்கள் சுவர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போன பிறகுதான் அவள் வந்தாள்.