பொம்பேயில் முகம் பார்த்தது

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் வீட்டுக்காரர் ஐரோப்பா டூருக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றார். புதுவயல் ரைஸ் மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன். மகன் போனதிலிருந்து பிள்ளையார்பட்டிக்குக் கூப்பிட்டால்கூட "எனக்கு முடியலை, நீ போயிட்டு வா" என்பவர். கோட்டையூரிலிருந்து காரைக்குடிக்கு டவுன் பஸ் ஏற்றுவதற்கே அவரை நான் தாஜா பண்ண வேண்டும். அப்படிப்பட்டவர், "இத்தாலி, சுவிஸ் எல்லாம் கூட்டிட்டுப் போறாகளாம். சமையல்காரரும் கூடவே வாராராம். வா, போயிட்டு வருவோம்" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "புள்ளையப் பறிகொடுத்தவ எவளாச்சும் ஊரு சுத்திப் பாக்கப் போவாளா? ஊரு வாயில விழுகணும்னு ஆசையா இருக்கா ஒங்களுக்கு?" என்று கத்தினேன். திட்டை வாங்கிக்கொண்டு கம்மென்று இருப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நானும் எத்தனை நாள் ஒற்றை ஆளாகச் சண்டை போடுவேன்? கடைசியில் ஸ்வெட்டர் வாங்க நான்தான் காரைக்குடிக் கடைவீதியில் அலைந்தேன்.

எங்களுக்கு ஒரே மகன். கொரோனாவின் இரண்டாவது அலையில் போனான். சென்னையில் கம்பெனி வேலை. பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று போன் வந்த நேரம் எனக்கும் காய்ச்சல். வெளியே வரக்கூடாது என்று வாசலில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அவர் மட்டும் பாஸ் வாங்கி, கார் பிடித்துப் போனார். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உடம்பைத் தர மாட்டோம் என்றுவிட்டார்கள். அங்கேயே எரித்து, சாம்பலைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. எங்களுக்கு எல்லாம் வீட்டு வாசலோடு சரி. அதனால் பாடையைத் தூக்கப் போகும்போது, "முகம் பாக்குறவுக பாத்துக்கங்க" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். பெற்றவள், கூடப் பிறந்தவள், கட்டினவள் எல்லாரும் விழுந்தடித்து ஓடிவருவார்கள். அந்த ஒரு பார்வைக்காகத்தான் துபாயிலிருந்து ஆள் வந்து சேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம். முகம் பார்க்காதவளுக்கு மனசு ஆறாது என்பார்கள். ஆறத்தான் இல்லை. பெற்ற பிள்ளைக்கு ஒரு பிடி வாய்க்கரிசிகூட நான் போடவில்லை.

முகம் பார்த்தது அவர் ஒருவர்தான். ஆகவே அவரைக் கேட்டுக் கேட்டுத்தான் நானும் பார்த்தேன். "எப்படிங்க இருந்தான்?" என்பேன். "தூங்குற மாதிரி இருந்தான்" என்பார். கண் மூடியிருந்ததா? நன்றாக மூடியிருந்தது. தாடி? லேசாக இருந்தது. வாய்? மூடித்தான் இருந்தது, சிரிக்கப் போகிறவன் மாதிரி. இட்லி ஊற்றும்போது கேட்டிருக்கிறேன், துணி காயப்போடும்போது கேட்டிருக்கிறேன். தெவசத்துக்குத் தெவசம் கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட அவர் முகம் சுளித்ததில்லை. அந்தத் தூங்கும் முகத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓட்டினேன் என்று சொன்னால் மிகையில்லை.

பொம்பேய்க்குப் போன அன்று வெயில் என்றால் வெயில், நம்மூர்ச் சித்திரை வெயில். பக்கத்து மலை வெடித்து, ஒரே நாளில் சாம்பலுக்குள் புதைந்துபோன பழைய ரோமாபுரிக் காலத்து ஊராம் அது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ஊரைத் தோண்டி வைத்து டிக்கெட் போடுகிறார்கள். தெரு முழுக்கப் பெரிய பெரிய கருங்கல். வண்டிச் சக்கரம் ஓடித் தேய்ந்த தடம் அப்படியே கிடக்கிறது. நான் போட்டிருந்த புது ஷூ கடித்து, ஒவ்வொரு கல்லுக்கும் அவரை ஒரு திட்டு திட்டிக்கொண்டே நடந்தேன்.

எங்கள் கூட்டத்தில் காரைக்குடி ஆச்சி ஒருவர் இருந்தார். என்னைவிடப் பெரியவர், வாய் ஓயாது. கூரை போன ஒரு பெரிய வீட்டுக்குள் நுழைந்ததும் நடுவில் வானம் பார்த்த முற்றம், மழைத்தண்ணீர் விழுகிற தொட்டி, சுற்றிலும் தூண், அறைகள். ஆச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "இதப் பாக்கவா என்னைய விமானம் ஏத்திக் கூட்டியாந்தீக? இது நம்ம வளவு வீடுதானே? கொத்தமங்கலத்துல பஸ்ஸ விட்டு எறங்குனா தெருவுக்குப் பத்து வீடு இப்படி ஆளில்லாமக் கெடக்கே!" கூட்டம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்த கையோடு, ஐயோ சிரிக்கிறோமே என்று இருந்தது. மகன் போன பிறகு எனக்கு எப்போதும் அப்படித்தான்.

அங்கிருந்து கம்பி போட்ட ஒரு கொட்டகைக்குக் கூட்டிப்போனார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் பானைகளும் ஜாடிகளும் அடுக்கியிருந்தன. நடுநடுவே மனிதர்கள். ஒருவர் முழங்காலைக் கட்டிக் குந்தி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். இன்னொருவர் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒருக்களித்துப் படுத்திருந்தார். சிலை என்றுதான் முதலில் நினைத்தேன். வெள்ளைக்காரக் கைடு இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, எங்களைக் கூட்டிவந்த டூர்க்காரர் தமிழில் சொன்னார்.

"சாம்பல் மேல விழுந்து கல்லா எறுகிருச்சு. உள்ள இருந்த உடம்பு மக்கிப்போயி வெறும் பொந்துதான் மிச்சம். அந்தப் பொந்துக்குள்ள சுண்ணாம்பு மாதிரி ஒண்ணக் கரைச்சு ஊத்தி, ஆறுனதும் எடுத்திருக்காக. எலும்பு உள்ளதான் இருக்கு."

"என்னது, எலும்பு உள்ள இருக்கா?" என்றார் ஆச்சி. "அப்ப இது பொணமுல்ல!" சொன்னவர் சட்டென்று செருப்பைக் கழற்றினார். சாவு விழுந்த துட்டி வீட்டில் செருப்போடு நிற்க முடியுமா? நானும் குனிந்து ஷூவை அவிழ்த்தேன். எங்களைப் பார்த்து ஒவ்வொருவராகக் காரைக்குடிக் கூட்டமே கழற்றிவிட்டுச் சூடேறிய கல்லில் வெறுங்காலோடு நின்றது. காவல்காரன் ஓடிவந்து, போடுங்கள் போடுங்கள் என்று சைகை காட்டினான். ஒருவரும் போடவில்லை.

கைடு படுத்திருந்தவரைக் காட்டி ஏதோ சொன்னார். டூர்க்காரர் குரலைத் தாழ்த்தி, "எம்புட்டு அமைதியா இருக்காரு பாருங்க, தூங்குற மாதிரியே" என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். என்ன தூக்கம், என்ன அமைதி! வாய் கோணித் திறந்திருந்தது. பல் தெரிந்தது. காற்றுக்குப் பறந்து பறந்து, கிடைக்காமல் போன வாய். பார்த்ததும், சொல்லக்கூடாது, எனக்கு ஒரு ஆறுதல் வந்தது. என் பிள்ளை இப்படிப் போகவில்லையே என்று. அதை மனசோடு வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? என் வாய் சும்மா இருக்குமா? "இது தூங்குற முகமா ஆச்சி?" என்று ஆச்சியின் கையைப் பிடித்தேன். "எம் மகன் முகந்தான் தூங்குற மாதிரி இருந்துச்சு. வாய் மூடி, சிரிக்கப் போறவன் மாதிரி. இவுக கண்ணால பாத்தாக. கேட்டுப் பாருங்க."

ஆச்சி என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வெளியே வந்ததும் வேறு ஒரு கலவரம். அடுத்து சாப்பாடு, பஸ்ஸில் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் தயாராக இருக்கிறது என்றார் டூர்க்காரர். "பொணத்தப் பாத்துட்டுக் குளிக்காமக் கொள்ளாம எப்படிய்யா சோத்துல கை வைக்கிறது?" என்றார் ஆச்சி. டூர்க்காரர் கும்பிடாத குறை. "ஆச்சி, செத்து ரெண்டாயிரம் வருசம் ஆச்சு. அதுவுமில்லாம நமக்கு என்ன பங்காளியா, தீட்டு வர்றதுக்கு?" என்றார். "பங்காளி இல்லைன்னா துட்டி துட்டியில்லையா? எலும்பு இருக்குல்ல?" என்று ஆச்சி விடவில்லை. ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பசி. தலையில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டால் போதுமா போதாதா என்று பட்டிமன்றமே நடந்தது.

அந்தச் சளசளப்பில்தான் என் வீட்டுக்காரரைத் தேடினேன். ஆளைக் காணோம். தெருமுனையில் அந்தக் காலத்துக் கல்தொட்டி ஒன்று இருந்தது. குழாய் வைத்து இப்போதும் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், வருகிறவர்கள் குடிக்க. அங்கே நின்று அவர் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். சட்டை, பேண்ட், பாஸ்போர்ட் வைத்திருந்த இடுப்புப் பை எல்லாம் தெப்பம். வெள்ளைக்காரர்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"என்ன கூத்துப் பண்றீக? பாஸ்போட்டு நனையுது! பைத்தியம் கியித்தியம் புடிச்சிருச்சா?" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவர் இழுத்த இழுப்புக்கு வந்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட என்னைப் பார்த்தார்.

"நான் பாக்கலை" என்றார்.

"எதப் பாக்கலை?"

"அவன் முகத்த. அவனச் சுத்தியிருந்த பையப் பிரிச்சுட்டு, பாத்துக்கங்க சார், ஒரு நிமிசந்தான்னு சொன்னாக. நான் அவன் கையில கட்டியிருந்த சீட்டத்தான் பாத்தேன். பேரு சரியா இருந்துச்சு. ஆமா, எம் மகன்தான்னு சொல்லிட்டுத் திரும்பிக்கிட்டேன். முகத்தப் பாக்கத் தைரியம் வரலை. ஒங்கிட்ட எதையாச்சும் சொல்லணுமே, அதான்."

அந்தக் கண், அந்தத் தாடி, சிரிக்கப் போகிற வாய் எல்லாம் நான் கேட்கக் கேட்க இவர் சொன்ன சொல்தான். எத்தனை வருஷம்! "அடப்பாவி மனுசா" என்று அவர் நெஞ்சில் குத்தினேன். இன்னொரு குத்து விட்டேன். அவர் தடுக்கவில்லை. ஈரச்சட்டையில் என் கை வழுக்கியது.

"அப்ப எம் புள்ளைய, கடைசியா, நம்ம ஆளுக ஒருத்தருகூடப் பாக்கலையா?"

"இல்ல."

"ஒருத்தருகூடவா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். உலகத்து ஜனமெல்லாம் அந்தக் கொட்டகையில் வரிசையில் நின்று, யார் பெற்ற பிள்ளையையோ எட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. தொப்பி போட்டவர்கள், குழந்தையைத் தோளில் வைத்திருந்தவர்கள், செல்போனைத் தூக்கிப் பிடித்தவர்கள். என் மகனுக்கு நாங்கள் இரண்டு பேர் இருந்தும் பார்க்க ஆளில்லை. எனக்குக் கோபம் வந்ததா அழுகை வந்ததா என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. முந்தானையால் அவர் தலையைத் துவட்டினேன். பிறகு கையைப் பிடித்து, "வாங்க" என்றேன்.

"எங்குட்டு?"

"வாங்கன்னா வாங்க."

கொட்டகைக்குத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கம்பியோரம் நிறுத்தினேன். அவர் தரையைப் பார்த்தார். நான் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினேன். "பாருங்க" என்றேன்.

பார்த்தார். அந்தத் திறந்த வாயை, பல்லை, இறுகிய கழுத்தை. இந்தத் தடவை திரும்பிக்கொள்ளவில்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இப்படித்தான் இருந்திருப்பானோ?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆமாங்க" என்றேன். "மூச்சு கெடைக்காமத்தானே போனான்? இப்படித்தான் இருந்திருப்பான்."

அவர் அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத சத்தம். சாவுச் சேதி வந்த அன்றுகூட அப்படி அழாதவர், வீட்டில் மகனைக் கூப்பிடுகிற பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். நான் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஊரில் நாலு பேர் முன்னால் அவர் கையைக்கூடத் தொட்டதில்லை. நானும் வாய்விட்டு அழுதேன்.

பின்னால் கூட்டம் நின்றுவிட்டது. காவல்காரன் வந்து, நகருங்கள் என்று கை காட்டினான். எனக்கு அவன் பாஷை தெரியாது, இங்கிலீஷும் வராது. "கொஞ்சம் பொறு தம்பி" என்று தமிழிலேயே சொன்னேன். "எங்க மகன் செத்துப்போயிட்டான்."