ஏற்காட்டில் இரண்டு எர்த்துகளை இணைக்கப் போன நாள்

1992 மே மாதம் ஊரே வெயிலுக்குப் பயந்து ஏற்காடு ஏறிக்கொண்டிருந்தபோது, நான் என் தப்புக்குப் பயந்து ஏறினேன். அங்கே மூன்று மாடி விடுதி ஒன்றில் நாற்பது அறைகளுக்கும் சேர்த்து டெலிபோன் போர்டு வைத்துக் கொடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. போனுக்கென்று தனியாக எர்த் குழி வெட்டி, கரண்ட் எர்த்தோடு சேர்க்காமல் விட்டிருந்தேன். இரைச்சல் வராது என்று ஒரு நினைப்பு.

முந்தின நாள் மின்சார விதிப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தப்பு தெரிந்தது. ஒரே கட்டடத்தில் இரண்டு எர்த்தையும் தடித்த செம்புக் கம்பியால் இணைத்தே ஆக வேண்டுமாம். இல்லாவிட்டால், பக்கத்தில் இடி விழும்போது போன் லைனையும் கரண்ட் சாமானையும் ஒருசேரத் தொடுகிற ஆள் வழியாக மின்சாரம் பாயும். அந்த ஆள், நாளெல்லாம் ஹெட்போனோடு போர்டு முன் உட்காரும் ஆபரேட்டர் ஸ்டெல்லா. மே மாதத்தில் மலையில் மதியத்துக்கு மேல் இடி இல்லாத நாள் குறைவு.

சேலத்தில் காலை 7.10 பஸ். டிக்கெட் ஆறு ரூபாய், முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்திலேயே ரேடியேட்டர் கொதித்து பஸ் நின்றுவிட்டது. நான் நாலு தடவை இறங்கி ஏறினேன்.

“ஏனுங்க, எப்பங்க கிளம்பும்?”

“எஞ்சின் ஆறட்டுங்க. மலை எங்கயும் போயிராதுங்க,” என்றார் டிரைவர்.

மலை போகாது, மேகம் வருமே! ஐம்பது நிமிஷம் அங்கேயே போயிற்று.

விடுதியை அடைந்தபோது 9.40. போர்டும் போன் எர்த்தும் முன்பக்கம், கரண்ட் எர்த் சமையற்கட்டுக்குப் பின்னால். கொண்டுபோனது பதினைந்து மீட்டர் கம்பி, தேவைப்பட்டது இருபத்திரண்டு. அந்தத் தடிமனில் கடைத்தெருவில் கிடைக்கவில்லை. மலைமேலேயே இருக்கும் கொட்டச்சேடு வரை பஸ்ஸில் போய், ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரிடம் கெஞ்சி வாங்கித் திரும்பும்போது மணி 1.30. வானம் கறுத்துவிட்டது.

“இடி நிக்கற வரைக்கும் ஹெட்போனைக் கழட்டி வெச்சிருங்க,” என்றேன் ஸ்டெல்லாவிடம்.

“அதெப்படிங்க? இடி இடிச்சாத்தான் எல்லா ரூம்லயும் ஊட்டுக்குப் பேசோணும்னு கேப்பாங்க.”

சொல்லிக்கொண்டே அடுத்த லைனைப் போட்டார். நான் கம்பியோடு பின்பக்கம் ஓடினேன். 2.20க்குக் கடைசி நட்டை முறுக்கினேன். கால் மணி நேரத்தில் மிக அருகே ஓர் இடி விழுந்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஸ்டெல்லா கண்ணை இறுக மூடினார். ஒன்றும் ஆகவில்லை என்றதும் திறந்தார். அதற்கு மேல் மறைக்க மனம் வராமல், இரண்டு எர்த்தையும் சேர்க்காமல் விட்ட தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டேன்.

“அப்ப போன வாரம் காதுல சுரீர்னு அடிச்சது அதனாலதானுங்களா? தோடுதான் காதுக்கு ஆகலைன்னு நெனச்சுக் கழட்டி வெச்சுட்டனுங்க.”

வெறும் காதை அப்போதுதான் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

இந்த மாதிரி வேலைக்கு மலையேறுகிறவர்கள் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். கம்பியை இரண்டு மடங்கு எடுத்துப் போங்கள், மதியத்துக்குள் முடியுங்கள். பையைத் திறக்கும் முன், அந்த நாற்காலியில் உட்காருகிறவரிடம் ஷாக் அடிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஒரு மாதத்தில் மூன்று தடவை நான் ஸ்டெல்லாவுக்குப் போன் செய்திருந்தேன். மூன்று தடவையும் போர்டு நன்றாக இருக்கிறதா என்றுதான் கேட்டேன்.