அருணகிரிக்கு வைத்த ஃப்ளெக்ஸ்

கருங்குழி அருணகிரி முப்பத்தொரு வருஷம் வெளிநாட்டுத் தூதரகங்களில் வேலை பார்த்தவர். தூதராக இல்லை, தூதருக்குப் பக்கத்தில். தூதர் கை குலுக்கும்போது இவர் ஃபைல் பிடித்துக்கொண்டிருப்பார். ஒரு நாட்டில் குளிர் எப்படியென்றால், ரசத்தைக் கத்தியால் வெட்டித்தான் சாப்பிட வேண்டும். இன்னொரு நாட்டில் வெயில், சட்டைக்கு இஸ்திரியே வேண்டாம், போட்டுக்கொண்டு வாசலில் நின்றால் போதும். இவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாரும் கொடி கட்டிய காரில் ஏறிவிட்டார்கள். இவர் மட்டும் பின்னால் வருகிற வேனிலேயே வந்துகொண்டிருந்தார்.

ஐம்பத்தெட்டு வயதில், ரிட்டயர்மென்ட்டுக்கு இரண்டே வருஷம் பாக்கி இருக்கும்போது, டெல்லி கண்ணைத் திறந்தது. ஒரு சின்ன நாட்டுக்கு அருணகிரி தூதர். ஆனால் அந்த நாடு 'சரி, அனுப்புங்கள்' என்று சம்மதக் கடிதம் தர வேண்டும். அதுவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது. பெண் வீட்டார் சரி சொல்வதற்குள் பத்திரிகை அடித்தால் சம்பந்தம் முறிந்து போகாதா, அந்த மாதிரிதான். முறிந்தால் வேறு நாடு தேடி முடிப்பதற்குள் இவர் பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பார்.

முப்பத்தொரு வருஷம் அரசாங்க ரகசியங்களை வயிற்றுக்குள் பூட்டி வைத்திருந்த மனிதர், இந்த ஒன்றை மட்டும் ஒரு வாரம் தாங்க முடியாமல் புதுப்பட்டினத்தில் இருக்கும் அக்கா பூவாயிக்குப் போன் போட்டுவிட்டார். நாட்டின் பேரைச் சொன்னார். அக்காவுக்குப் பிடிபடவில்லை. பந்து விளையாட்டில் பேர்போன பெரிய நாடு ஒன்று இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் என்று விளக்கினார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கினார். பூவாயி சத்தியத்தைக் காப்பாற்றினாள். புருஷன் ஜெயக்குமாரிடம் மட்டும்தான் சொன்னாள். புருஷன் எந்த ஊரில் 'யாரிடமும்' கணக்கில் வருகிறான்?

பத்து நாள் லீவில் அருணகிரி புதுப்பட்டினம் வந்து இறங்கினார். கடைத்தெரு முனையில் நிமிர்ந்து பார்த்தவருக்குக் கையிலிருந்த பெட்டி கனம் தாங்காமல் கீழே போய்விட்டது. மாடி வீட்டையே மறைக்கிற உயரத்தில் ஃப்ளெக்ஸ். அதில் வேட்டி சட்டையோடு அருணகிரி சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தோளில் கை போட்ட மாதிரி, கோப்பையோடு ஒரு வெளிநாட்டுப் பந்தாட்டக்காரர். கீழே, 'உலகம் வியக்கும் தூதரே, வருக!' அதற்கும் கீழே கும்பிட்ட கையோடு ஜெயக்குமார், அப்புறம் பாஸ்போர்ட் சைஸில் முப்பத்தெட்டு உறவுக்காரர்கள். நாட்டின் பேர் கொட்டை எழுத்தில். சின்ன நாட்டின் பேர் இல்லை, பக்கத்துப் பெரிய நாட்டின் பேர். பூவாயிக்கு நினைவில் நின்றது அதுதான்.

அருணகிரி வீட்டுக்குக்கூடப் போகாமல் மாமாவை அங்கேயே வரவழைத்தார். ஜெயக்குமார் கல்பாக்கம் ஸ்டாஃப் வேன் ஓட்டுகிறவர், சிரிப்பும் வேகமும் ஜாஸ்தி. மாலையோடு வந்தார்.

"இத இப்பவே கழட்டணும் மாமா."

"இன்னா மச்சான், போட்டோ நல்லா இல்லியா?"

"நாடே தப்பு."

"தப்புன்னா சரியான நாட்ட சொல்லு. பிரின்ட் அடிக்கிற ரஞ்சித்குமார் நம்ம ஆளுதான், அரை மணி நேரத்துல மாத்திடுவான்."

அதற்குள் அங்கே கூட்டம் கூடிவிட்டது. அருணகிரி குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லக் கூடாது மாமா."

ஜெயக்குமாரின் சிரிப்பு மெதுவாக இறங்கியது. "இதுவும் இல்லன்ற. எதுன்னும் சொல்ல மாட்டன்ற. அப்ப போஸ்டிங்கே இல்லியா மச்சான்? அக்காகிட்ட சும்மா சொன்னியா?"

கூடியிருந்தவர்கள் காதுகளை இன்னும் ஒரு அங்குலம் முன்னால் நீட்டினார்கள். எத்தனையோ மந்திரிகளைச் சமாளித்த மனிதர், வேன்காரர் கொண்டுவந்த மாலையைப் போட்டுக்கொண்டார்.

அதற்குள் படம் வாட்ஸ்அப்பில் ஏறி ஏழு கடல் தாண்டிவிட்டது. மறுநாள் அந்தப் பெரிய நாட்டிலிருந்தே போன் வந்தது. அங்கே தூதராக இருக்கிற லக்ஷ்மிநாராயணன், இவருக்கு ஒரு வருஷம் சீனியர். என் நாற்காலிக்கு ஊரில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டுத்தான் வருவாயா என்று ஆரம்பித்தவர் முக்கால் மணி நேரம் நிறுத்தவே இல்லை. நான் அங்கே வரவில்லை என்றார் அருணகிரி. பின்னே எங்கே என்றார் அவர். இவர் புதுப்பட்டினத்து வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அன்றோடு இருபத்தெட்டு வருஷ சிநேகிதம் முடிந்தது.

கடைசியில் டெல்லி மேலதிகாரி கூப்பிட்டார். திட்டுவார் என்று அருணகிரி எழுந்து நின்றே கேட்டார். திட்டவில்லை. தப்பான நாடாகப் போனது நல்லதுதான், உண்மையான நாட்டைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது என்றார். "அந்த ஃப்ளெக்ஸ் அப்படியே இருக்கட்டும். மறுக்கவும் வேண்டாம், ஆமாம் சொல்லவும் வேண்டாம்."

சம்மதம் வரும்வரை ஊரிலேயே இருக்கச் சொன்னதால் லீவு பதினொரு வாரமாக நீண்டது. அருணகிரி தினமும் அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழேதான் பால் வாங்கப் போனார். மீன் விற்கிறவர்களில் இருந்து அணுமின் நிலைய இன்ஜினியர் வரை அத்தனை பேரும் அந்த ஆட்டக்காரரின் கையெழுத்து கேட்டார்கள். ஆகட்டும் பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லி அவர் தாடையே கோணிக்கொண்டது. ராத்திரி பகல் பாராமல் போனையே பார்த்தார். சம்மதம் வருமா, வராதா? பூவாயி தட்டில் போட்ட இட்லி ஆறி, காய்ந்து, கல்லாகிவிடும். அவளுக்கும் குற்ற உணர்ச்சிதான். "என்னாலதான்டா இந்தப் பேஜாரு" என்று ஒரு தடவை சொன்னாள். அவளை என்ன சொல்ல? முதலில் வாயைத் திறந்தது அவர்தானே.

பன்னிரண்டாவது வாரம் சம்மதம் வந்தது. டெல்லி அறிவித்தது, பேப்பரில் நாலு வரி. அருணகிரி தூதராகிவிட்டார். முப்பத்தொரு வருஷ ஆசை. பேப்பரை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஜெயக்குமார் வீட்டு ஹாலில் உட்கார்ந்தார், வாழ்த்துச் சொல்ல யாராவது வருவார்கள் என்று.

வந்தார்கள். துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்தார்கள். இத்தனூண்டு நாட்டுக்குத் தள்ளிவிட்டார்களே என்று ஒருத்தர். யாரோ பணம் கட்டித் தட்டிப் பறித்திருப்பார்கள் என்று இன்னொருத்தர். இல்லை, முதலிலிருந்தே இதுதான் என்று அருணகிரி சொல்லச் சொல்ல, பாவம், மனசைத் தேற்றிக்கொள்கிறார் என்று தலையை ஆட்டினார்கள்.

எல்லாரும் போனபின் ஜெயக்குமார் ஒரு பேப்பரைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். கீழே முப்பத்தெட்டு கையெழுத்து.

"வருத்தப்படாத மச்சான். திங்கக்கெழம செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குறாங்க. பெரிய நாட்ட திருப்பித் தரச் சொல்லி எழுதிகீறோம். நீயும் ஒரு கையெழுத்து போடு."

அருணகிரி அந்த மனுவை இரண்டு தடவை படித்தார். பேனாவை வாங்கி, மூன்று எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்துவிட்டு, டெல்லிக்கு அன்றைக்கே ரயில் இருக்கிறதா என்று அக்காவிடம் கேட்டார்.