லிவா வழியில் ஆள் எண்ணும் சாவடி

1975 மே மாதம் ஒரு சனிக்கிழமை, காலை ஐந்து மணிக்கு அபுதாபியிலிருந்து கிளம்பினோம். போக வேண்டிய இடம் லிவா. தெற்கே பாலைவனத்துக்குள் இருக்கும் பேரீச்சந்தோட்ட ஊர். அதற்கு அப்பால் மணலைத் தவிர ஒன்றும் கிடையாது. அங்கே ஒரு தோட்டத்தில் டீசல் பம்பு ஒன்றை இறக்கி, ஓட்டிக் காட்டிவிட்டு வர வேண்டும். கம்பெனி எனக்கு ஒரு பழைய பிக்கப்பும் இரண்டு ஆட்களும் கொடுத்தது. தண்ணீர் இருபது லிட்டர் கேன் ஒன்று. மே மாதத்தில், மூன்று பேருக்கு. "சாயங்காலம் போய்ச் சேர்ந்திடுவ, இன்னொரு கேன் எதுக்கு?" என்றான் ஸ்டோர்காரன். நானும் வாயை மூடிக்கொண்டு ஏறினேன். அதனால் அவனை மட்டும் திட்டிப் பயனில்லை.

வண்டி ஓட்டியவர் ஷேர்கான், பெஷாவர் பக்கத்துப் பட்டாணி. இன்னொருவன் கருப்பையா, பம்புக்கு மேடை கட்டவந்த கொத்தனார், ராமநாதபுரத்துக்காரன். வயது முப்பது இருக்கும். பம்பாயிலிருந்து லாஞ்சில் வந்தவன். கொர்ஃபக்கான் கரைக்குக் கொஞ்சம் முன்னால் இடுப்பளவு தண்ணீரில் இறக்கிவிட்டார்களாம். பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது. அவன் இங்கே இருப்பதற்கு ஆதாரம் அவன் பூசிய சுவர்கள் மட்டும்தான்.

ஆறே முக்காலுக்குத் தரிஃப். நூற்றிருபது கிலோமீட்டர் சொச்சம் தார்ச்சாலை. பெட்ரோல் பங்கை ஒட்டிய கடையில் ரொட்டியும் டீயும் மூன்று பேருக்கு நான்கு திர்ஹம். டீயில் ஈ சும்மாவே கிடைத்தது. அதற்குமேல் தெற்கே சாலை என்று ஒன்று கிடையாது. லாரிகள் போன டயர் தடமும், இடையிடையே அடையாளத்துக்கு நட்டு வைத்த எண்ணெய் பீப்பாய்களும்தான் வழி. பீப்பாயை விட்டு விலகினால் சப்கா. சப்கா என்றால் உப்புத் தரை. மேலே சிமெண்டு பூசிய மாதிரி வெள்ளையாக, கெட்டியாகத் தெரியும். கீழே சேறு.

எட்டரை மணி. தரிஃபிலிருந்து நாற்பது கிலோமீட்டர் வந்திருப்போம். தூரத்தில் வெள்ளையாக ஒரு கூடாரம், பக்கத்தில் ஒரு ஜீப். ஷேர்கான் வேகத்தைக் குறைத்தார்.

"ஆகே போலீஸ் ஹை, உஸ்தாத்." முன்னால் போலீஸ் நிற்கிறது என்று என்னிடம் சொன்னார்.

கருப்பையா கதவுக் கைப்பிடியைப் பிடித்தான். "அண்ணே, நான் எறங்கிக்கிறேன். நீங்க தாண்டிப் போயிட்டு நில்லுங்க, நான் சுத்தி வந்துர்றேன்."

"லேய், இது என்ன உங்க ஊர் வயக்காடா, சுத்தி வாறதுக்கு? நாலு மைலுக்கு உன் தலை தெரியும்."

ஷேர்கானிடம் இடப்பக்கம் ஒடிக்கச் சொன்னது நான்தான். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "உதர் சப்கா ஹை." அந்தப் பக்கம் சப்கா என்று சொல்லிவிட்டுத்தான் ஒடித்தார். கடிதமோ காகிதமோ இல்லாத ஆளை ஏற்றிவந்ததற்கு என் வேலையும் போகும் என்று பயந்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. கருப்பையாவுக்காக மட்டும் நான் அந்த வண்டியைத் திருப்பவில்லை.

ஒன்பதே காலுக்கு முன்சக்கரம் இரண்டும் உள்ளே போயின. பிறகு பம்பின் பாரத்தில் பின்பக்கமும் உட்கார்ந்தது. பம்பை உருட்டிக் கீழே இறக்கினோம். பலகையைப் போட்டு ஜாக்கியை வைத்தோம். பலகை சேற்றில் வழுக்கியது, ஜாக்கி சாய்ந்தது, வண்டியின் அடிப்பாகம் ஷேர்கானின் வலது பாதத்தில் இறங்கியது. அவரை இழுத்து வெளியே போட்டபோது இரண்டு விரல்கள் நசுங்கியிருந்தன. பல்லைக் கடித்தபடி ஒன்றே ஒன்று சொன்னார்: "போலா தா, உஸ்தாத்." சொன்னேனே என்கிறார். சொல்லத்தான் செய்தார்.

பதினொரு மணி. கொதித்துப்போன ரேடியேட்டர் பாதிக் கேனைக் குடித்திருந்தது. மீதியில் காயத்தைக் கழுவியதும் நாங்கள் குடித்ததும் போக, நாலு லிட்டர் இருக்கலாம். கட்டு ரத்தத்தில் நனைந்துகொண்டே இருந்தது. சாவடியைச் சுற்றித் தெற்கே வந்துவிட்டோம். அது ஏழெட்டுக் கிலோமீட்டர் பின்னால். இந்தப் பக்கம் நாங்கள் இருப்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்றுதானே வந்தோம்.

உதவி தேடி நான்தான் முதலில் கிளம்பினேன். எனக்கு நாற்பத்தாறு வயது, தொண்ணூற்றைந்து கிலோ. இருநூறு அடி போவதற்குள் மூன்று இடத்தில் உப்பு உடைந்து முழங்கால் வரை இறங்கினேன். கருப்பையா வந்து கையைப் பிடித்துத் தூக்கினான்.

"நீங்க நடந்தா, நாளைக்கு உங்களத் தோண்டி எடுக்க ஒரு கிரேன் வேணும்ணே. நான் போறேன்."

"எங்க போற? போலீஸ்கிட்டயா?"

"வேற யாரு இருக்கா இங்க?"

"பிடிச்சு அனுப்பிருவான் மக்கா."

"அனுப்பட்டும். அதுக்காகக் கான் பாய் காலை இப்பிடியே விட்டுர முடியுமா?"

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒரு பாட்டில் தண்ணீரோடு நடந்தான். வாய்க்குத்தான் தடுத்தேன். வேறு வழி இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு மணிக்கு ஜீப் வந்தது. கெட்டியான இடமாகப் பார்த்து, அரைக் கிலோமீட்டர் தள்ளி நின்றது. போலீஸ்காரர் நடந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும், ஒல்லியான பதூ, பாலைவனத்து அரபி. கருப்பையா பின்னால் தண்ணீர்ப் பை சுமந்து வந்தான். அவர் எங்கள் பெயரையும் கேட்கவில்லை, காகிதத்தையும் கேட்கவில்லை. விரலை நீட்டி எங்களை எண்ணினார். "தீன் நஃபர். பஸ்?" மூன்று பேர்தானா, வேறு யாரும் இல்லையே என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். ஷேர்கானின் காலைப் பார்த்தார். அதற்குப் பிறகு என்னைத் திட்ட ஆரம்பித்தார். அரபியும் இந்தியும் கலந்து, நிறுத்தாமல் திட்டினார். காலையில் தூசியைப் பார்த்தாராம், திரும்பிப் போய்விட்டோம் என்று நினைத்தாராம். "நான் போலீஸா, புலியா? என்னைப் பார்த்து எதற்கு ஓடினாய்? பானி மாஃபி, ஆத்மி கலாஸ்." தண்ணீர் இல்லை என்றால் ஆள் முடிந்தான்.

எங்களை ஜீப்பில் ஏற்றிக் கூடாரத்துக்குக் கொண்டுபோய் அவருடைய நோட்டைக் காட்டினார். வண்டி நம்பர், எத்தனை நஃபர், எங்கே போகிறார்கள், என்று திரும்புவார்கள். அவ்வளவுதான். பெயருக்குக் கட்டமே இல்லை. சொன்ன நாளில் வண்டி திரும்பாவிட்டால் அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு தேடிப் போவார். நாங்கள் எந்த மனிதனுக்குப் பயந்து சேற்றில் விழுந்தோமோ, இந்த வழியில் எங்களைத் தேடிவர இருந்த ஒரே ஆள் அவர்தான்.

எனக்கு இது தெரியாத சங்கதியா? குளச்சல் பக்கத்துக் கடற்கரையில் பிறந்தவன் நான். கட்டுமரம் கடலுக்குள் போனால் எத்தனை தலை போனது என்று கரையில் நிற்பவனுக்குத் தெரியும். சாயங்காலம் ஒரு தலை குறைந்தால் ஊரே கடலில் இறங்கும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, எண்ணுகிறவன் கண்ணில் படாமல் போக வழி தேடியிருக்கிறேன்.

நாலு மணிக்கு ஒரு தண்ணீர் டேங்கர் வந்தது. ஷேர்கானை அதில் ஏற்றி அபுதாபி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கிளம்பும் முன் டேங்கர்காரரும் போலீஸ்காரரும் கம்பி போட்டு எங்கள் வண்டியை இழுத்து, பம்பையும் ஏற்றிக் கொடுத்தார்கள். நோட்டில் 'இரண்டு நஃபர், லிவா, புதன்கிழமை' என்று ஏறியது.

லிவாவைப் பற்றி விரிவாக எழுத இது இடமில்லை. நூறடி, இருநூறடி மணல்மேட்டுக்குக் கீழே பச்சைத் தோட்டம் இருக்கும், நம்பவே முடியாது. கருப்பையா மேடை கட்டினான். பம்பு முதல் உதையிலேயே ஓடியது. தோட்டக்காரர் எங்களுக்கு அரைச் சாக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தார்.

புதன்கிழமை காலை கிளம்பும்போது தோட்டக்காரரிடம் வழி கேட்டுவைத்தேன். சாவடிக்கு மேற்கே, சப்காவைத் தொடாமல், கெட்டி மணலில் ஒரு ஒட்டகத் தடம் இருக்கிறது. இருபது கிலோமீட்டர் சுற்று.

"அந்த வழியாப் போவோம் மக்கா. ஒரு தடவை விட்டான்னு மறுதடவையும் விடுவானா?"

கருப்பையா பேரீச்சம்பழச் சாக்கை வண்டியில் ஏற்றினான். "ரெண்டுன்னு எழுதி வச்சிருக்காருண்ணே. புதன்கிழமைன்னு. நம்ம போகலைன்னா தேடிக் கெளம்பிருவாரு."

"தேடட்டும். ஜீப் இருக்குல்லா?"

"அந்தச் சேத்துல அவரு முங்குனா, அவரைத் தேட யாருண்ணே வருவா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. நியாயம் பேச வேண்டியது இவனா? ஆனாலும் நேர் வழியிலேயே ஓட்டினேன்.

பதினொன்றரைக்குச் சாவடி. பழைய ஆள் இல்லை. முந்தின நாள்தான் லீவில் போனாராம். புதியவர் சின்ன வயது, இஸ்திரி போட்ட சட்டை. நோட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். இரண்டு சரியாக இருந்தது. அந்த வரிக்கு நேரே ஒரு கோடு போட்டார். அதற்குப் பிறகு கையை நீட்டிக் காகிதம் கேட்டார்.

என்னிடம் இருந்தது. கருப்பையாவிடம் இல்லை.

நான் கெஞ்சினேன், கத்தினேன், ஒரு மனிதனின் உயிரைக் காப்பாற்றியவன் இவன் என்று எனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டார். எங்கள் இருவருக்கும் தண்ணீர் கொடுத்தார். பிறகு கருப்பையாவை ஜீப்பில் ஏறச் சொன்னார். அவர் வேலை அது. அவரை எனக்குத் திட்டத் தெரியவில்லை. லாஞ்சில் ஏற்றியவனையும், காகிதம் இல்லாத ஆளைக் குறைந்த கூலிக்கு வைத்திருந்தவனையும் திட்டுகிறேன்.

கருப்பையா கரணையையும் மட்டப்பலகையையும் என்னிடம் கொடுத்தான். "கான் பாயை ஒருக்கா ஆஸ்பத்திரியில போயிப் பாருங்கண்ணே." சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினான். மூன்று வாரம் கழித்து அவனைப் பம்பாய்க் கப்பலில் ஏற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இந்த வழியில் போக நினைப்பவர்கள் ஆளுக்குப் பத்து லிட்டர் தண்ணீர் கொண்டு போங்கள். ரேடியேட்டருக்குத் தனிக் கேன் வையுங்கள். பீப்பாயை விட்டு விலகாதீர்கள். சாவடியில் கட்டாயம் நின்று எத்தனை பேர் என்று சொல்லிவிட்டுப் போங்கள். காகிதம் உள்ளவர்களுக்கு இதைத் தைரியமாகச் சொல்வேன். காகிதம் இல்லாதவனுக்கு என்ன சொல்வது என்று அன்றைக்கு ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றபோதும் எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.