கதவை நோக்கிப் போன சாமான்கள்

கதை விடுகிறேன் என்று என் மனைவியே சொல்கிறாள். சொல்லட்டும். அந்த அறைக்குள் இருந்தவன் நான்.

நெரிசலான இடத்தில் பொருள் எடுக்கும் ரோபோவுக்கு மூளை எழுதுவது என் வேலை. சக்கர வண்டி, அதில் ஒரு நீளக் கை. பின்னால் இருப்பதை எடுக்க, முன்னால் இருக்கும் எதை எங்கே நகர்த்துவது என்று அதுவே திட்டம் போடும். அன்று ஒரு கிடங்கில் சோதனை. ஆள் இல்லாமல் போன வீடுகளின் சாமான்களை அங்கே அறை அறையாக அடைத்து வைத்திருந்தார்கள். பொறுப்பாளருக்குப் 'பூட்டு' என்று பட்டப்பெயர். வாயையும் சேர்த்துப் பூட்டி வைத்திருப்பார். என்னைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"கடைசி ரூம் வேண்டாம்."

"ஏன் சார்?"

"வேண்டாம்னா வேண்டாம்."

நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அந்த அறையின் மூலையில் ஒரு தையல் மிஷின். அதை எடுத்துவர ரோபோவை விட்டேன். நாற்காலி, பெட்டி, சுருட்டிய மெத்தை... ஒவ்வொன்றாக ஓரம் கட்டியது.

சட்டென்று நின்றது. என் கையிலிருந்த திரையில் எழுத்து வந்தது: 'குறுக்கே மனிதர். காத்திருக்கிறேன்.'

நான் அதற்குப் பின்னால் நின்றேன். முன்னால் யாருமில்லை.

பிறகு திட்டம் மாறியது. ஓரம் கட்டிய நாற்காலியை மறுபடி தூக்கியது. கதவருகே கொண்டுபோய் வைத்தது. அதன்மேல் பெட்டி. அதற்கு முட்டுக்கொடுத்து மெத்தை.

ரோபோவை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். அதன் விளக்கு அணைந்தது. கை தொங்கியது.

சர்ர்ர்...

ரோபோ இல்லை. பீரோ. தானாகக் கதவை நோக்கி நகர்ந்தது.

கதவை நோக்கி ஓடினேன். நெஞ்சில் எதுவோ கை வைத்துத் தள்ளியது. ஐந்து விரல். சில்லென்று.

சர்ர்ர்...

கதவு மறைந்தது.

கத்தினேன்.

பொறுப்பாளர் பூட்டும் இரண்டு சுமைதூக்கிகளும் கதவை இடித்துத் திறந்துதான் என்னை வெளியே இழுத்தார்கள். அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. அறையைப் பூட்டிவிட்டுப் போனார்.

மறுவாரம், அந்தச் சாமான்களுக்கு உரியவரின் மகளைத் தேடிப் பிடித்துப் பேசினேன்.

"தினமும் நான்தான் போய் அம்மாவைப் பார்த்துப்பேன். அன்னைக்குக் கதவு திறக்கல. உடைச்சுத்தான் உள்ள போனோம். வீட்டுச் சாமான் பூரா உள்பக்கமா கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்துச்சு. அம்மா உயிரோட இல்ல."

"ஏதோ பயத்துல அவங்களே வெச்சிருப்பாங்க."



"அம்மாவுக்கு ரெண்டு காலும் விளங்காது சார். சாமானோட சாமானா... அவங்க படுத்திருந்த கட்டிலும் கதவுகிட்டதான் கிடந்துச்சு."