வீட்டை எடுத்துக்கலாமா?

ஸ்ரீபெரும்புதூரை நடந்தே பார்க்க ஒரு தாள் வைத்திருந்தேன். வழிகாட்டி வேண்டாம், பன்னிரண்டு இடம், எண் போட்ட வரைபடம். பழமை ஆர்வலர்கள் சிலர் இணையத்தில் போட்டிருந்ததை அச்செடுத்தது. ஐம்பதை நெருங்கும் என் கால்களுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது, கிளம்பிவிட்டேன்.

தேரடியில் நின்று மௌனத்தைக் கேட்கச் சொன்னது தாள். கேட்டேன். மௌனம் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கம்பெனி பஸ். நிமிர்ந்து பாருங்கள், உத்திரங்களில் நூற்றாண்டுகள் தெரியும் என்றது. நிமிர்ந்தேன். 'ரூம் காலி, பேச்சுலர் மட்டும்' தெரிந்தது. நான்காம் இடத்து மரத்தூண்களில் கைலிகள் காய்ந்தன. தூண் எந்தக் காலத்தது என்று அங்கே குடியிருந்த திருநெல்வேலிக்காரரைக் கேட்டேன். போன தீபாவளிக்கு முன்னாலேயே இருந்தது என்றார். அவர் வந்தது போன தீபாவளிக்கு.

ஏழாம் எண் ஓர் ஓட்டு வீடு. சுண்ணாம்புச் சுவர், செதுக்கிய நிலை. 'ஊரின் மூச்சு' என்றது தாள். வாசலில் என் வயதுள்ள ஓர் அம்மா மிக்ஸி ஜார் கழுவிக்கொண்டிருந்தார். தாளைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன், நாலடி பின்னால் போய் மரியாதையாகக் கேட்டேன்.

"அம்மா, வீட்டை எடுத்துக்கலாமா?"

போட்டோ என்ற சொல்லை விட்டுவிட்டேன். இந்தப் பக்கத்தில் விடக்கூடாத சொல். இங்கே எடுப்பது என்றால் ஒன்றுதான்: தாளோடு ஒருவர் வந்து சுவரைப் பார்ப்பார், பிறகு சிவப்புப் பெயிண்டில் எண் விழும், பிறகு ரோடு வரும், அல்லது கம்பெனி வரும்.

"முழுசா எடுப்பீங்களா சார், வாசல் மட்டுமா?"

அப்போதும் புரியாமல், முழுசாக எடுத்தால்தான் அழகு என்றேன்.

ஒரகடம் பக்கம் அவர் பிறந்த வீட்டை ஒருமுறை எடுத்தாயிற்றாம். அங்கே இப்போது புதுக் கார்கள் வரிசையாக நிற்கின்றனவாம். இதையும் எடுத்தால் எங்கே போவது என்று, சண்டைக்கு வராமல், பஸ் நேரம் கேட்பதுபோலக் கேட்டார். அப்போதுதான் புரிந்தது. போட்டோதான் அம்மா, வீடு அழகாக இருக்கிறது, அதனால்தான் லிஸ்டில் இருக்கிறது என்றேன். லிஸ்ட் என்றதும் தாளை வாங்கிப் பார்த்தார்.

"அளக்க வந்தவரும் அழகா கீதுன்னுதான் சார் சொன்னாரு."

தாளில் ஏழாம் எண்ணைப் பேனாவால் அடித்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்து, அடியில் தெரிகிறது என்றார். அந்த இடத்தைக் கிழித்துக் கொடுத்தேன். ஜார் தண்ணீரில் முக்கிக் கசக்கினார். இணையத்தில் ஏழு அப்படியே இருப்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இப்ப எடுத்துக்கோங்க. என்னை. வூடு தெரியக்கூடாது."

நிலையின் இரண்டு பக்கமும் கையை விரித்துப் பிடித்து நின்றார். எடுத்ததை வாங்கிப் பார்த்தார். தோளுக்கு மேலே ஒரு வரிசை ஓடு தெரிந்தது. இன்னும் கிட்டே வந்து எடுக்கச் சொன்னார்.