பேப்பர் லோடு

ஆமத்தூரில் சோலைமலையின் பிக்கப்புக்குத் தேர் என்று பெயர். மழை பெய்தால் கரிசல் காட்டுப் பாதையில் சக்கரம் பாதி புதைந்துவிடும் என்று, பாரம் தாங்கும் கமான் பட்டைகளைக் கூடுதலாகச் செருகி வண்டியை அரைச் சாண் உயர்த்தியிருந்தான். பத்தாவதில் தவறியதும் லாரியில் கிளீனராக ஏறியவன். கல்யாணத்துக்குப் பிறகு பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, பெற்ற பிள்ளையைப் போலத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இருந்த பெருமைகள் இரண்டு. ஒன்று வண்டி, மற்றொன்று மனைவி மாரிசெல்வி. 2008 தீபாவளி சீசனில் இந்த இரண்டும் ஒரே லோடில் போய்க்கொண்டிருந்ததுதான் கஷ்டம்.

மாரிசெல்வி வேலை பார்த்தது ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில். மருந்து அடைத்த குழாய்களுக்குத் திரி வைக்க அங்கே ஆள் போதவில்லை. அதனால் தட்டுத் தட்டாக ஏற்றி, ஊருக்குள் இருக்கும் வீடுகளுக்கு அனுப்பினார்கள். அரைகுறைச் சரக்கு கம்பெனி வாசலைத் தாண்டவே கூடாது. தாண்டுகிறது என்பது ஊருக்கே தெரியும், யாரும் வாயைத் திறப்பதில்லை. கேட்டால் பேப்பர் லோடு என்பார்கள். சிவகாசியில் காலண்டர் பேப்பர் ஏற்றாத வண்டி எது, யார் சந்தேகப்படப் போகிறார்கள்? தட்டுகள் சரியாமல் பின்னால் ஒருவர் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த வேலை மாரிசெல்விக்கு.

வண்டியை உயர்த்தியதில் ஒரு வினை வந்து சேர்ந்தது. பழைய ஷாக் அப்சர்பர்களுக்கு நீளம் போதவில்லை. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் அவை முழுக்க இழுபட்டு, அதற்கு மேல் நீள வழியில்லாமல் தடக்கென்று இடித்தன.

"ஒவ்வொரு தடக்குக்கும் உசிரு தொண்டைக்கு வந்துட்டுப் போகுது," என்றாள் மாரிசெல்வி. "மடியில தட்டு துள்ளுது. அதைச் சரி பண்ணுற வரைக்கும் நான் ஏற மாட்டேன், சொல்லிட்டேன்."

அவள் பயந்து அவன் அதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் அவள் கம்பெனி வேனில் வேலைக்குப் போனாள். அவன் வண்டியைச் சிவகாசியில் தங்கச்சாமியின் பட்டறைக்குக் கொண்டுபோனான். மத்தியான லோடுக்குள் வேலை முடிய வேண்டும். தங்கச்சாமி வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு இரண்டு ஷாக் அப்சர்பர்களைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். இரண்டுமே நீளமானவை.

"இது கேஸ் அடைச்சது, கெட்டி. கனத்த லோடு ஏத்துனா வண்டிய ஆடவிடாம பிடிச்சு நிறுத்தும். அது ஆயில், மெத்துன்னு போகும். லேசான சாமானுக்கு அதான் சரி. கெட்டியைப் போட்டுட்டு லேசான சாமானை ஏத்துனா தூக்கித் தூக்கி எறியும். நீ என்னலே ஏத்துற?"

"பேப்பர்ண்ணே."

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். தீப்பெட்டி, பஞ்சு என்று அந்தத் தட்டுகளைப் போலவே லேசான எதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். பழக்கம் முந்திக்கொண்டது. பொய் சொல்லவும் ஒரு புத்தி வேண்டும், அது அவனுக்குக் கிடையாது.

"மெத்துன்னு இருக்கதையே போட்டா என்னண்ணே?"

"பேப்பர் கனத்துக்கு அது ஒரு மாசம் தாங்காது. சொல்றதைக் கேளு."

கெட்டியானதையே மாட்டிக்கொண்டு மெதுவாக ஓட்டினால் போயிற்று என்று மனசுக்குள் நொண்டிச் சமாதானம் சொல்லிக்கொண்டான். தங்கச்சாமி ஜாக்கி கொடுத்துப் பின்சக்கரங்களைக் கழற்றினார். பழையதை எடுத்துப் போட்டுவிட்டுப் புதியதை வைத்துப் பார்த்தார்.

"பிராக்கெட்டைக் கொஞ்சம் கீள எறக்கி வெல்டிங் வைக்கணும். வண்டி காலிதானே?"

"காலிதாண்ணே."

காலிதான். ஆனால் பின்பக்கத்துப் பலகைகளின் இடுக்குகளில் சாம்பல் நிறத்தில் பொடி படிந்து கிடந்தது. எத்தனையோ லோடுகளில் சிந்தியது. அது சோலைமலையின் கண்ணில் பட்டபோது தங்கச்சாமி வெல்டிங் ராடோடு குனிந்துவிட்டார். உண்மையைச் சொன்னால் இன்றைக்கே ஊர் முழுக்கப் பரவும், கம்பெனி லோடு தராது. அப்புறம் வண்டியை வைத்து என்ன செய்வது? அந்த நேரத்திலும் அவன் இதைத்தான் நினைத்தான். நினைத்ததற்காக அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

"அண்ணே, வைக்காதீக. பேப்பர் இல்லண்ணே. மருந்துச் சரக்கு."

தங்கச்சாமி ராடைக் கீழே வைத்தார். போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து, பலகை இடுக்கில் நகத்தை விட்டுச் சுரண்டினார். நகக்கண்ணில் ஒட்டிய பொடியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் திட்டியிருந்தால் சோலைமலைக்குத் தேவலை.

"பின்னால ஆரு உக்காந்து வாரா?"

"என் வீட்டுக்காரி."

"அதுக்கு எந்த ஷாக் அப்சர்பரும் ஆகாதுலே. மொதல்ல அவளை எறக்கி விடு."

சோலைமலை கம்பெனி போர்மேன் சங்கிலிமுத்துவுக்குப் போன் போட்டான். "அண்ணாச்சி, இனிமே நம்ம வண்டி லோடுக்கு வராது. மாரிசெல்விய வீட்டுக்கு அனுப்பிருங்க."

"நல்லாச் சொன்ன போ. நீ பட்டறையில கெடக்கேன்னு நம்ம இன்னொரு லோடுக்காரன் மாரிக்கண்ணன் வண்டியை வரச்சொல்லி இப்பத்தான் ஏத்தி அனுப்புனோம். உன் வீட்டுக்காரி ஏற மாட்டேன்னுதான் நின்னுச்சு. அவன் புது ஷாக் அப்சர்பர் போட்டிருக்கான், தடக்குன்னு சத்தமே வராதுன்னு நான் சொன்ன பெறகுதான் ஏறுச்சு."

சோலைமலை அதை அப்படியே தங்கச்சாமியிடம் சொன்னான். அவர் முகம் செத்துப்போயிற்று.

"மாரிக்கண்ணனா? போன மாசம் நாந்தாம்லே போட்டேன். கெட்டியானது. பேப்பர் ஓட்டுறேன்னு சொன்னான்."

சக்கரமில்லாமல் ஜாக்கியில் நின்ற பிக்கப்பை அப்படியே விட்டுவிட்டு, தங்கச்சாமி பைக்கை உதைத்தார். சோலைமலை பின்னால் ஏறி மாரிக்கண்ணனுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது மாரிக்கண்ணன் போன் எடுக்க மாட்டான். அந்த விஷயத்தில் அவன் ரொம்பப் பத்திரமான ஆள்.